ஓய்வுபெற்ற துவக்கு

போர்க் கருவிகளின்மேல் நம் கற்றோர் சிலருக்குப் புதியதொரு பரிவு பிறந்திருக்கிறது. கருவி பழையதாகிவிட்டாற் போதும், அதன்மேற் படிந்த குருதியும் பழையதாகி, பின்னர் இல்லாததாகவே ஆகிவிடும் என்று அவர்கள் நம்புகின்றனர். படையிலிருந்து கழிக்கப்பட்ட துப்பாக்கி ஒன்று, குழல் மாற்றி, மரம் செதுக்கி, இலக்கைக் குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக் கருவியாக்கப்பட்டதென்று கேட்டால், “வாள் கொழுவாகிவிட்டது, பாருங்கள்” என மகிழ்கின்றனர். அத்தகைய விளையாட்டை நமது பாடசாலைகளிலும் பரப்பினால் மாணவரிடையே ஒழுங்கும் ஒருமுகப்பாடும் வளரும் என்று ஆலோசனை கூறுவோரும் உளர். திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த பாடசாலைகளிற் கற்பிக்கும் நாம் இதனைக் கேட்டு வாளாவிருத்தல் இயலாது.

நாம் விளையாட்டுக்குப் பகைவரல்லோம். பழம்பொருள்களைப் பேணுவதற்கும் பகைவரல்லோம். கொலைக்கருவி ஒன்று உண்மையாகவே கொலைத்தொழிலை விட்டுவிடுமாயின் அதனை முதலில் வாழ்த்துவோர் நாமாகவே இருப்போம். ஆனால், கருவியை மாற்றுவது வேறு, அக்கருவியை ஏந்திய ஆட்சியை மாற்றுவது வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதும் நடந்துவிட்டதாக நம்பவைக்கும் முயற்சியையே நாம் எதிர்க்கிறோம். நண்பர்கள் பெரிதும் போற்றும் அந்தத் துவக்கின் வரலாற்றையே நம் வாதத்திற்குச் சான்றாகக் கொள்வோம்.

அதன் பெயர் லீ-என்பீல்ட். ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் வகுத்த பூட்டமைப்பும், இலண்டனுக்கு அண்மையிலுள்ள என்பீல்ட் என்னும் ஊரின் அரச ஆயுதத் தொழிற்சாலை வகுத்த குழலும் சேர்ந்து 1895ஆம் ஆண்டில் உருப்பெற்ற றைபிள் அது. பத்துத் தோட்டாக்கள் கொள்ளும் பெட்டி. விரைந்து இயங்கும் பூட்டு. குழல்வாயின் அளவு .303 அங்குலம். நம் ஊர்ப் பெரியவர்கள் “த்ரீ-நொட்-த்ரீ” என்று இன்றும் சொல்வது அதனைத்தான். பல நாடுகளிலுமாக ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சம் துவக்குகள் இவ்வினத்திற் செய்யப்பட்டன. பிரித்தானியக் கொடி பறந்த இடமெல்லாம் அக்கொடிக்குக் கீழே நின்றது இத்துவக்கு.

அது எவரைக் குறிபார்த்தது? இரு உலகப் போர்களின் கதையைப் போர் வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு எழுதிவிட்டனர். அவர்கள் அடிக்குறிப்பில் ஒதுக்கிவிடும் கதையே நமக்கு வேண்டும். 1919ஆம் ஆண்டு ஏப்பிரல் 13ஆம் நாள் அமிர்தசரசின் ஜாலியன்வாலா பாக்கில், வெளியேற வழியின்றித் திரண்டிருந்த மக்கள்மேற் டயர் என்னும் தளபதி சுடச்செய்தது லீ-என்பீல்ட் துவக்குகளால். சுட்ட சிப்பாய்கள் ஐம்பதுபேர். சுட்ட நேரம் பத்து நிமிடம். செலவான தோட்டாக்கள் 1,650. கூட்டம் எங்கே நெருக்கமோ அங்கே சுடும்படி கட்டளை. மாண்டோர் 379பேர் என அரசாங்க விசாரணைக்குழு கணக்கிட்டது. மக்கள் கணக்கு அதனினும் மிகப் பெரிது. தோட்டாவின் கணக்கு ஒற்றைப்படை பிசகாமற் கிடைத்ததும், மனிதரின் கணக்கு இன்றுவரை தகராறாக இருப்பதும் எதனைக் காட்டுகின்றன? கணக்குக் காட்டவேண்டிய பொருள் தோட்டா என்றும், மனிதர் அப்படிப்பட்ட பொருளல்லர் என்றும் அவ்வாட்சி கருதியதைக் காட்டுகின்றன.

நமது நாட்டுக்கு வருவோம். 1915இல் கலவரம் மூண்டபொழுது ஆளுநர் படையாட்சியைப் பிரகடனம் செய்தார். அப்பொழுது கூலிப் படையினரோடு துப்பாக்கி ஏந்தித் திரிந்தோர் யாவர்? வார இறுதியில் இலக்குச் சுட்டுப் பரிசுக் கிண்ணம் வாங்கும் தோட்டத் துரைமாரும் கொழும்பு வணிகருமே தொண்டர் படையினராக வந்தனர். நேற்றுவரை விளையாட்டாக இருந்த திறமை, ஒரே அறிவித்தலில் ஆட்சியின் திறமையாயிற்று. கொழும்பு நகரக் காவற் படையிற் தாமே கப்டனாக இருந்த இளைஞர் ஹென்றி பேதிரிஸ் அவ்வாண்டு யூலை 7ஆம் நாள் படைநீதிமன்றத் தீர்ப்பின்படி சுட்டுக் கொல்லப்பட்டார். அக் கொடுமைகளை இலண்டன்வரை கொண்டுசென்று வாதாடி, 1916இல் நூலாக வெளியிட்டவர் பொன்னம்பலம் இராமநாதன். அவரது அரசியல் முழுவதையும் நாம் ஏற்பவரல்லோம். ஆயினும் அந்நூல், “தொண்டர்”களின் துவக்கு யாருக்குத் தொண்டு செய்தது என்பதற்கு நிலைத்த சான்றாகும்.

ஆட்சி கைமாறியபின் துவக்கின் திசை மாறியதா? 1953 ஓகஸ்ட் 12ஆம் நாள் அரிசி விலையேற்றத்தை எதிர்த்து உழைக்கும் மக்கள் ஹர்த்தால் செய்தனர். 25 சதத்திற்கு விற்ற பங்கீட்டரிசி 70 சதமாகியிருந்தது. சுதந்திர இலங்கையின் மந்திரிசபை அன்று கூடியது கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூபவுண்லாந்து என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலில். கரையில் நின்ற மக்களுக்குக் கிடைத்தது சூடு. எசமானர் பெயர் மாறினாலும் இலக்கு மாறவில்லை என்பதை விளக்க இதனினும் தெளிவான படம் வேறு வேண்டுமோ?

இத்தகைய துவக்குக்கு ஓய்வளிக்கப்பட்ட கதையே இனி நாம் கூற வேண்டியது. ஐம்பதுகளில் மேற்குநாடுகளின் படைக் கூட்டமைப்பு 7.62 மில்லிமீற்றர்த் தோட்டாவைப் பொது அளவாகக் கொண்டது. பிரித்தானியப் படை தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் புதிய துவக்குக்கு மாறியது. கிட்டங்கிகளில் இலட்சக்கணக்கான லீ-என்பீல்டுகள் தேங்கின. குறிபார்த்துச் சுடும் கழகத்தார்க்கோ அவற்றின் பூட்டமைப்பின்மேல் விருப்பம் இருந்தது. ஆகவே பழைய .303 குழலைக் கழற்றிவிட்டு, 7.62 அளவுக்குரிய கனத்த குழலைப் பொருத்தினர். குழலை மூடியிருந்த முன்மரத்தைக் குறுக்கினர். போர்க்களத்துப் பார்வைக்குறியை அகற்றி, நுண்துளை வழியே நோக்கும் பார்வைக்குறி அமைத்தனர். 1970 அளவில் என்பீல்ட் தொழிற்சாலையே இவ்வகை மாற்றத்தை மேற்கொண்டு, படையினரின் போட்டிக்கென ஒன்றையும், பொதுமக்கள் கழகங்களுக்கென அதையொத்த ஒன்றையும் வெளியிட்டது. பொதுமக்களுக்கானதன் பெயர் “என்வோய்”. தமிழிற் கூறின், தூதன்.

அதன் தோட்டாப்பெட்டி கவனிக்கத்தக்கது. படையினரின் போட்டித் துவக்கில் பழைய .303 பெட்டி அப்படியே இருந்தது. ஆனால் புதிய தோட்டாவை ஒவ்வொன்றாக வைத்துத் தள்ளும் மேடையாக மட்டுமே அது பயன்பட்டது. ஒரு குண்டு, ஒரு சூடு, பின் அமைதியாக அடுத்தது. இதனைக் காட்டியே, “கொல்லும் வேகத்தைத் துறந்துவிட்டது, இனி இது துறவி” என்று நம் நண்பர்கள் வாதிப்பர்.

துறவியின் அடுத்த பிறவியைப் பார்ப்போம். கனத்த குழல் பூட்டிய பழைய துவக்கு நெடுந்தொலைவில் எவ்வளவு துல்லியமாகச் சுடுகிறதென்பதைக் கழகத்தாரின் போட்டிகள் மெய்ப்பித்தன. படைத்துறை அதனைக் கண்டது. ஏறத்தாழ அதே காலத்தில், அதே தொழிற்சாலையில், ஏறக்குறைய ஆயிரம் பழைய லீ-என்பீல்டுகள் அதேபோன்ற கனத்த குழல் பூட்டப்பெற்று, மறைந்திருந்து சுடுவோனின் கருவியாக மாற்றப்பட்டன. எல்-42 என்பது அதன் பெயர். இம்முறை மேடையாக இருந்த பெட்டி நீங்கியது. பத்துத் தோட்டாக்களை ஊட்டும் மெய்யான பெட்டி மீண்டது. வட அயர்லாந்தின் தெருக்களிலும், 1982இற் போக்லாந்துத் தீவுகளிலும் அது வேலை செய்தது. பின்னர் அக்குடும்பத்திலேயே இன்னொரு பிள்ளை பிறந்தது. போட்டித் துவக்கின் உடலில் தொலைநோக்கி பொருத்தி, பிரித்தானியப் பொலிசாருக்கென விற்கப்பட்டது. அதன் பெயர் “என்போசர்”. வலிந்து பணியவைப்பவன் என்பது பொருள். தூதன் உலாவிய இடத்தில், அதே உடம்போடு, அடக்குவோன் எழுந்து நின்றான். இடையிற் கடந்தவை சில ஆண்டுகளே.

ஆகவே, போரிலிருந்து விளையாட்டுக்குச் சென்ற பாதை ஒருவழிப் பாதையன்று. விளையாட்டு மைதானம் படைத்துறைக்கு ஊதியமின்றி உழைத்த ஆராய்ச்சிக்கூடமாயிருந்தது. போட்டியிற் பங்குபற்றிய தனிமனிதர் எவரும் அவ்வாறு எண்ணியிருக்கமாட்டார். தனிமனிதரின் எண்ணத்தை நாம் குறைகூறவில்லை. அவர்களது திறமையைத் தனக்கு வேண்டியபொழுது எடுத்துக்கொள்ளும் அமைப்பைப் பற்றியே பேசுகிறோம்.

இது தற்செயலாக நேர்ந்ததென்று கருதுவோர் அவ்விளையாட்டின் பிறப்பை நோக்குவாராக. பிரித்தானியத் தேசிய றைபிள் சங்கம் 1859இல் நிறுவப்பட்டது. பிரெஞ்சுப் படையெடுப்புப் பற்றிய அச்சத்தால் தொண்டர் படைகள் திரட்டப்பட்ட காலம் அது. அடுத்த ஆண்டு விம்பிள்டனில் நடந்த முதற் போட்டியைத் தொடக்கிவைக்க, நிலைத்தாங்கியிற் பொருத்திய துப்பாக்கியை விக்ரோறியா மகாராணியே சுட்டாள். பின்னர் தென்னாபிரிக்காவில் போயர் உழவர்கள் தொலைவிலிருந்து குறிதவறாமற் சுட்டுப் பேரரசை நாணவைத்தனர். உடனே 1901 அளவிற் சிறுகுழல் றைபிள் கழகங்கள் பிரித்தானிய நகரங்களிற் பெருகின. தொழிலாளரையும் எழுத்தரையும் ஓய்வுநேரத்தில் போருக்குப் பழக்கும் ஏற்பாடே அது. அப்போரிற் சிறைப்பட்ட போயர்களுள் ஏறக்குறைய 5,000 பேரை எங்கே அடைத்தனர்? நமது தியத்தலாவையில். அவ்வூர் பின்னர் இலங்கைப் படையினர் பயிற்சிபெறும் ஊராகவே நிலைத்துவிட்டது. ஒலிம்பிக் விழாவும் இதற்கு விலக்கன்று. 1896இல் ஏதென்சில் நடந்த முதல் விழாவிலேயே 200 மீற்றர் “இராணுவ றைபிள்” என்ற பெயரில் ஒரு போட்டி இருந்தது. பெயரை மறைக்கவேண்டும் என்ற கூச்சம் அன்று எவருக்கும் இல்லை.

பாடசாலைக்குள் துவக்கு நுழைந்ததும் இவ்வழியேதான். இலங்கையில் மாணவர் படைப்பயிற்சி 1881இற் கொழும்பு றோயல் கல்லூரியில், அதன் தலைமை ஆசிரியர் ஜோன் கல் என்பவரால் தொடக்கப்பட்டது. ஆளப்படுவோரின் பிள்ளைகளுள் மேல்தட்டினரைப் பொறுக்கி, ஆள்வோரின் நடையும் உடையும் பழக்குவதே அதன் பயன். பழைய .303 துவக்குகளுக்கு .22 அளவுச் சிறுகுழல் பூட்டி இளையோர் பயிற்சிக்கு அளிப்பது பேரரசெங்கும் வழக்காயிருந்தது. எடை அதே எடை, பூட்டு அதே பூட்டு, தோட்டா மட்டும் சிறிது. நாளைக்குப் பெரிய தோட்டா வரும்பொழுது கை தடுமாறக்கூடாது என்பதே அவ்வமைப்பின் நோக்கம்.

“கருவியிற் குற்றமில்லை, ஏந்துபவனிடமே குற்றம்” என்பது நாம் அடுத்து எதிர்கொள்ளும் வாதம். கருவி நடுநிலையானதென்றால் ஆட்சியாளர் ஏன் அதனை ஆளுக்கொரு விதமாக மாற்றுகின்றனர்? 1857இற் சிப்பாய்கள் எழுந்தனர். அவர்கள் கையிற் தரப்பட்ட புதிய என்பீல்ட் துப்பாக்கியின் தோட்டாவே எழுச்சிக்குப் பொறியாயிற்று. எழுச்சியை அடக்கியபின், இந்தியச் சிப்பாய்களுக்கெனக் குழலின் உட்புரிகள் இல்லாத, குறிதவறும் துப்பாக்கிகள் செய்யப்பட்டன. வெள்ளைச் சிப்பாய்க்குப் புரிகுழல், கறுப்புச் சிப்பாய்க்கு வழுக்குக்குழல். 1878இன் ஆயுதச் சட்டம் இந்தியரை உரிமப்பத்திரம் கேட்டு நிற்கவைத்தது; ஐரோப்பியரை அதிலிருந்து விலக்கியது. பின்னாளில் லீ-என்பீல்டுகளே, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டும் இடத்தக்கனவாகத் தோட்டாப்பெட்டி அடைக்கப்பெற்று, .410 மஸ்கட்டுகளாக மாற்றப்பட்டுச் சுதேசக் காவலருக்கு அளிக்கப்பட்டன. கண்காணியிடம் துவக்கு வேண்டும், ஆனால் அது நம் பக்கம் திரும்பினால் வலுவற்றதாயிருக்க வேண்டும் என்பதே ஆட்சியின் சூத்திரம். துவக்கை மாற்றியமைப்பவன் யாருக்கு அஞ்சுகிறான் என்று கேட்டால் அம்மாற்றத்தின் பொருள் விளங்கிவிடும். கருவி நடுநிலையானது என்ற தத்துவத்தை ஆயுதத் தொழிற்சாலைக்காரன் ஒருநாளும் நம்பியதில்லை. அதனை நம்புவோர் நம்மிடையேதான் உளர்.

ஒருமுகப்பாடு பற்றிய வாதம் ஆசிரியராகிய நமக்கே உரியது. ஆகவே அதற்கு மறுமொழி கூறுங் கடமையும் நமக்கே உரியது. மரத்திலிருந்த பறவைப் பொம்மையைக் குறிபார்க்கும்படி துரோணர் பணித்தபொழுது, மரமும் தெரியவில்லை, கிளையும் தெரியவில்லை, அருகில் நிற்கும் உடன்பிறந்தாரும் தெரியவில்லை, பறவையின் தலை மட்டுமே தெரிகிறது என்று அருச்சுனன் விடைகூறிய கதையை நாம் எத்தனை வகுப்புகளிற் சொல்லியிருக்கிறோம்! கல்வியின் உச்சம் அது என்று புகழ்ந்திருக்கிறோம். உடன்பிறந்தாரைக் காணாதிருக்கக் கற்பித்த அந்தப் பாடம் முடிந்த இடம் குருச்சேத்திரம். அங்கே எதிரணியில் நின்றவர்களுள் கற்பித்த குருவும் ஒருவர். காட்டிற் தானே கற்றுத் தேர்ந்த ஏகலைவனோ பெருவிரலை இழந்தான். யார் குறிபார்க்கலாம், யார் கூடாது என்பதைச் சாதியே தீர்மானித்தது. மரமும் கிளையும் அருகில் நிற்பவனும் ஒருங்கே தெரியவேண்டும் என்று கற்பிப்பதே நமது தொழில். கண்ணொன்றை மூடிப் பழகும் ஒருமுகப்பாடு நமது மாணவருக்கு வேண்டியதில்லை. கணிதமும் இசையும் நுண்காட்டியும் தரக்கூடிய ஒருமுகப்பாடு அவர்களுக்கு வேண்டிய அளவு உண்டு. அவற்றுக்கு ஆசிரியரும் கருவியும் இல்லை என்பதுதான் குறை.

இவையெல்லாம் பிறநாட்டுக் கதை, பழங்கதை, திருகோணமலைக்கு இவற்றால் ஆவதென்ன என்று வினவுவோருக்கு நமது துறைமுகத்தைச் சுட்டிக்காட்டுகிறோம். மாற்றம் என்ற சொல்லுக்கு உரை எழுதத் தக்க ஊர் இது. 1620களிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அக் கற்களாற் கோட்டை கட்டினர். கோயிற் கல் கோட்டைக் கல்லாயிற்று. அதே கோட்டையை ஒல்லாந்தரும், பின் ஆங்கிலேயரும் கைக்கொண்டனர். ஆங்கிலேயர் வைத்த பிரெட்றிக் கோட்டை என்ற பெயரே இன்றும் வழங்குகிறது. இன்றும் மலைக்கோயிலுக்குச் செல்லும் அடியார் படையினரின் கோட்டைவாயிலைக் கடந்தே செல்கின்றனர். கோட்டை மான்களைப் படமெடுக்கும் சுற்றுலாப் பயணிக்கு அஃது அமைதியின் காட்சியாகத் தோன்றலாம்.

பேரரசின் கப்பல்களுக்கு எண்ணெய் வேண்டுமென்று சீனன்குடாக் காட்டில் ஏறத்தாழ நூறு பெருங்குதங்கள் எழுப்பப்பட்டன. அவற்றின் பொருட்டு 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்களின் குண்டுகள் நம் தலையில் வீழ்ந்தன. 1957இற் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துச் சென்றது. தளம் கைமாறிற்று, தளமாகவே இருந்தது. அங்கு உழைத்த தமிழ்த் தொழிலாளரோ வேலை இழந்தனர். அவர்களுட் சில நூறு குடும்பங்களை வட மத்திய மாகாணத்திற் குடியேற்றும் யோசனைக்கு எதிராக எழுப்பப்பட்ட பகைமை, 1958 கலவரத்திற்கு முன்னோடியான பூசல்களுள் ஒன்றாயிற்று. பேரரசின் ஆயுதம் ஓய்வுபெற்றால் அதற்குப் புதிய பூட்டும் புதிய குழலும் கிடைக்கின்றன. பேரரசுக்கு உழைத்தவன் ஓய்வுபெற்றால் அவனுக்குக் கிடைத்தது இதுதான்.

அண்மைக்கால வரலாற்றை நம் வாசகருக்குச் சொல்லவேண்டியதில்லை. எனினும் சொல்லாமல் விடவும் கூடாது. 2006 ஜனவரி 2ஆம் நாள் மாலை, நமது கடற்கரையில், மாணவர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட விசேட அதிரடிப் படையினர் உள்ளிட்ட 13 பேரும் 2019 யூலை 3ஆம் நாள் போதிய சான்றில்லை என விடுவிக்கப்பட்டனர். சுட்டவர் எவர் என்ற கேள்விக்கு நாட்டின் நீதி இன்னும் விடை சொல்லவில்லை. அந்தக் கடற்கரைக்கு எட்டிய தொலைவிலுள்ள வகுப்பறையில் நின்றுகொண்டு, “சுடுதல் ஓர் இனிய விளையாட்டு” என்று எந்த நாவாற் கற்பிப்பது?

இதனை ஓர் இனத்தின் முறையீடாக மட்டும் கொள்வோர் நம்மைப் பிழையாகப் படிக்கின்றனர். 1971 ஏப்பிரலில் அரசின் துவக்குகளுக்கு இரையான தெற்கின் சிங்கள இளைஞரும் நமது மாணவரே. எண்பதுகளிலிருந்து நமது மாவட்டத்து வகுப்பறைகளிலிருந்து எழுந்து சென்றும், இழுத்துச் செல்லப்பட்டும், தமிழ்ப் பிள்ளைகளும் துவக்கேந்தினர். விடுதலைக்கென்று ஏந்திய அத்துவக்குகள் 1990 ஓகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம் மக்களைக் கொன்றன. துவக்கு கைமாறுவதே விடுதலை என்று எண்ணியதற்கு நமது மக்கள் கொடுத்த விலை அது. ஏழை உழவனும் மீனவனும் எந்த மொழி பேசினாலும், துவக்கின் பின்முனையில் நிற்பதற்கும் முன்முனையில் வீழ்வதற்கும் அழைக்கப்படுபவர் அவர்தம் பிள்ளைகளே. கிண்ணம் வாங்குவோர் வேறு.

போர் 2009இல் முடிந்தபின் துவக்கு மெல்லப் பாடசாலைப் பக்கம் நகர்ந்ததை ஆசிரியர் மறந்திருக்கமாட்டார். 2011இல், பல்கலைக்கழகம் புகவிருந்த ஆயிரக்கணக்கான மாணவர் “தலைமைத்துவப் பயிற்சி” என்ற பெயரிற் படைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். 2013இற் பாடசாலை அதிபர்கள் சிலருக்கு மாணவர் படையணியின் கேணல் பட்டம் சூட்டப்பட்டது. ஆசிரியத் தொழிலின் பெருமை போதாதென்று தோளில் நட்சத்திரம் தைத்துவிட்டனர்! அதிபர் கேணலாகிவிட்டால் ஆசிரியர் யாவர், மாணவர் யாவர் என்ற கணக்கைப் போட்டுப் பார்க்க அதிக படிப்பு வேண்டியதில்லை. கேள்வி கேட்பது கல்வி. கட்டளைக்குப் பணிவது படை. ஒன்றின் கட்டடத்துள் மற்றொன்றைக் குடியேற்றினால் எது எஞ்சும்? பழைய துவக்கை அழகிய விளையாட்டுப் பொருளாகக் காட்டும் பேச்சு, இந்நகர்வுக்கு விரித்த மென்மையான பாயாகும்.

புறநானூற்றில் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவன் ஆயுதசாலையைக் கண்டு பாடிய பாட்டை நாமெல்லாம் கற்பிக்கிறோம். பீலியணிந்து, மாலைசூட்டி, நெய் பூசி, காவலுள்ள மனையில் விளங்கும் அவன் வேல்களைப் புகழ்வதுபோல் இகழ்ந்து, அதியமானின் வேல்கள் நுனிமுறிந்து கொல்லன் உலைக்கூடத்திற் கிடப்பதைப் பெருமையாகச் சொன்னாள் அவள். எண்ணெய் தடவி மினுக்கிய போட்டித் துவக்கைக் காணும்பொழுதெல்லாம் நமக்கு அப்பாட்டு நினைவுக்கு வரும். ஆனால் ஔவையைக் கடந்தும் ஒரு கேள்வி கேட்கும் காலத்தில் நாம் வாழ்கிறோம். மினுங்கும் வேலானாலும் முறிந்த வேலானாலும், அக் கொல்லன் மண்வெட்டி அடிக்க வேண்டிய நேரத்தில் அன்றோ வேல் தீட்டிக்கொண்டிருந்தான்? அவனுடைய உலையை மீட்பது எப்போது?

உண்மையான மாற்றம் எதுவென்று அறியாதவரல்லோம். என்பீல்ட் தொழிற்சாலை 1988இல் மூடப்பட்டது. அத்தீவில் இன்று மக்கள் வாழும் வீடுகள் உள்ளன. துவக்கு உற்பத்தி வேறு நகருக்குப் பெயர்ந்தது என்பதையும் உடன் சொல்லவேண்டும். எனினும், சூளையும் கடைசலும் இருந்த இடத்திற் குடும்பங்கள் சமைத்து உண்கின்றன. நமது மாவட்டத்திலேயே இதனினும் நல்ல சான்றுண்டு. 2006இற் போரால் துரத்தப்பட்ட சம்பூர் மக்களின் நிலத்திற் கடற்படை பயிற்சி முகாம் அமைத்திருந்தது. ஊர்ப் பாடசாலையும் அதனுள் அகப்பட்டிருந்தது. மக்கள் ஆண்டுக்கணக்கில் முகாம்களிற் கிடந்து, கேட்டு, மறியலிருந்து, விடாது நின்றபின் 2016இல் அந்நிலம் மீண்டது. படைமுகாம் மீண்டும் பாடசாலையாயிற்று. எந்த ஆயுதத் தொழிற்சாலையும் செய்யாத மாற்றம் இது. ஆவணத்தையும் வாக்குறுதியையும் தவிர வேறெதனையும் கையில் ஏந்தாத பெண்கள் முன்னின்று செய்த மாற்றம்.

ஆகவே நாம் வேண்டுவன இவை. பழைய துவக்கு பேணப்படட்டும். அதன் இடம் நூதனசாலை. குழல் அடைக்கப்பட்டு, ஜாலியன்வாலா பாக்கும் 1915உம் எழுதிய பலகையோடு அது கண்ணாடிக்குள் நிற்கட்டும். மாணவரை அழைத்துச் சென்று நாமே அதன் வரலாற்றைச் சொல்லுவோம். பாடசாலைக்குள் மெய்த்துவக்கோ, அதன் குறுங்குழற் பிள்ளையோ எப்பெயராலும் வரலாகாது. ஆசிரியர் தோளுக்குப் படைப்பட்டம் வேண்டியதில்லை. பயிற்சிக்கென ஒதுக்கப்படும் பணம் ஆய்வுகூடத்திற்கும், நூலகத்திற்கும், நீந்தத் தெரியாமல் வளரும் கரையோரப் பிள்ளைகளின் நீச்சற் பயிற்சிக்கும் வரட்டும். இன்னும் படையினர் வசமுள்ள மக்கள் நிலம் மீளட்டும். கடற்கரையில் வீழ்ந்த ஐவருக்கு நீதி கிடைக்கட்டும்.

இவற்றைக் கேட்கும் ஆசிரியரை, அரசியல் பேசுகிறார் என்பர். வகுப்பறைக்குட் துவக்கைக் கொண்டுவருவது அரசியலாகாது, வெளியே வை என்று சொல்வது மட்டும் அரசியலாகும் போலும்! அப்பழியை ஏற்போம். ஆசிரியர் சங்கக் கூட்டங்களிலும் பெற்றோர் கூட்டங்களிலும் மாணவர் மன்றங்களிலும் இக்கேள்விகளை எழுப்புவோம். தமிழ், முஸ்லிம், சிங்களப் பாடசாலைகளின் ஆசிரியர் ஒரே மேசையில் அமர்ந்து இவற்றுக்கு ஒரே விடை எழுதும் நாளே, அந்தத் துவக்கு மெய்யாக ஓய்வுபெறும் நாள்.